கதியால் எது: கிளுவையா, சீமைக்கிளுவையா, பூவரசா, முள்முருக்கா?

ஐப்பசியின் முதல் மழை நிலத்துக்குள் ஒரு சாண் இறங்கினால் போதும், எங்கள் வன்னியில், ஒட்டுசுட்டான் பக்கத்தில் எல்லோருக்கும் வேலி ஞாபகம் வந்துவிடும். லாண்ட்மாஸ்டர் உழவு இயந்திரப் பெட்டிகளில் கட்டுக்கட்டாகக் கதியால் போகும்; நட்டால் துளிர்க்கிற வேலித்தடிதான் கதியால். படலையடியில் யாராவது நின்று கேட்பார்கள்: "தம்பி, உந்தச் சீமைக்கிளுவை நல்லதோ, இல்லாட்டி பழைய கிளுவையே போடுவமோ?"

சின்னக் கேள்வி போலத்தான் இருக்கும். ஆனால் கணக்குப் போட்டுப் பாருங்கள். சதுரமான ஒரு ஏக்கர் காணியின் சுற்றளவு ஏறக்குறைய 835 அடி. ஒன்றரை அடிக்கு ஒன்று நட்டாலும் 550க்கு மேல் கதியால் வேண்டும். அத்தனையையும் வெட்டி, ஏற்றி, அலவாங்கால் குழி போட்டு நட்டபின் பிழையான மரம் என்று தெரிந்தால் அடுத்த ஐப்பசி வரை ஒன்றும் செய்ய முடியாது. அதற்குள் கட்டாக்காலி மாடுகள் வளவுக்குள் குடியேறிவிடும்.

வன்னியில் வேலிமரத்துக்கு வரும் சோதனை மாரியில் அல்ல. மாரியில் எந்தத் தடியும் துளிர்க்கும். மார்கழி, தை வரை பெய்கிற மழைதான் ஆண்டின் பெரும்பங்கு. சித்திரையில் இடியோடு கொஞ்சம் கொட்டும். அதன்பின் வைகாசியிலிருந்து புரட்டாதி வரை தென்மேற்கிலிருந்து அடிக்கிற சோளகக் காற்றும் வெயிலும்தான். செம்மண்ணுக்குக் கீழே இரண்டு மூன்று அடியில் கிரவல், அதாவது சரளை மண். அறுவடை முடிந்த வயலில் மேய்ச்சல் தீர்ந்த மாடும் ஆடும் பச்சையைத் தேடி வேலிக்கு வருகிற காலமும் அதுதான். ஆகவே நான் எந்த மரத்தையும் ஆவணி மாதத்தில் அது நிற்கும் கோலத்தை வைத்தே அளப்பேன்.

முதலில் பெயர்க் குழப்பத்தைத் தீர்ப்போம். கிளுவையும் சீமைக்கிளுவையும் பெயரில்தான் அண்ணன் தம்பி. கிளுவை நம் வறண்ட காட்டு மரம். குங்கிலியம், சாம்பிராணி தருகிற மரங்களின் தூரத்து உறவு; அதனால்தான் இலையைக் கசக்கினால் ஒரு வாசம் வரும். சீமைக்கிளுவை, அதாவது கிளிசரியா, மத்திய அமெரிக்காவிலிருந்து வந்தது. அது அவரைக் குடும்பம். தடியை நட்டால் துளிர்க்கும் என்கிற ஒரே ஒற்றுமைக்காக நம்மவர்கள் அதற்குக் கிளுவை என்று பெயர் வைத்துவிட்டார்கள். அதன் இலத்தீன் பெயருக்கு எலிக்கொல்லி என்று பொருள். அதன் இலையையும் பட்டையையும் தானியத்தோடு புளிக்கவைத்து எலிக்கு நஞ்சாக வைத்த வழக்கத்தால் வந்த பெயர் அது.

வேகத்தில் சீமைக்கிளுவையை எதுவும் முந்தாது. ஐப்பசியில் நட்ட தடி அடுத்த ஐப்பசிக்குள் ஆளுயரத்துக்கு மேல் கிளை விட்டு நிற்கும். கிளுவை அப்படி அல்ல. முதலாண்டு பார்த்தால் நான்கு இலை வைத்துக்கொண்டு யோசித்துக்கொண்டிருப்பது போல இருக்கும். இதைப் பார்த்துத்தான் பலர் கிளுவையைக் கைவிடுகிறார்கள். ஆனால் ஒன்றை மறக்கிறார்கள்: கதியாலில் நாம் உயரத்தைக் கையில் கொண்டுவந்துதான் நடுகிறோம். ஆறடித் தடியை ஒன்றரை அடி இறக்கி நட்டால் அன்றே நாலரை அடி வேலிதான். மரம் செய்ய வேண்டியது வேர்விட்டு, பட்டுப்போகாமல் நின்று, ஆண்டுக்கு ஆண்டு பருப்பது மட்டும். அந்த வேலையைக் கிளுவை சத்தமில்லாமல் செய்யும்.

கோடையில் இரண்டும் இலை உதிர்க்கும். உதிர்த்த பிறகுதான் வித்தியாசம். கிளுவையின் பச்சைத் தண்டில் ஈரம் சேர்ந்து கிடக்கும். வெட்டி நிழலில் சாத்திய தடி வாரக்கணக்கில் உயிரோடு கிடப்பதைப் பார்த்திருக்கிறேன். நட்ட தடியும் அப்படித்தான், ஒரு கோடையைக் கண்மூடித் தாண்டிவிடும். சீமைக்கிளுவைத் தடிக்கு அந்தப் பொறுமை இல்லை. முதல் கோடைக்குள் வேர் ஆழம் போயிருந்தால் பிழைக்கும், பிந்தி நட்டிருந்தால் வைகாசியில் கறையான் மண் ஏறியிருக்கும்.

வேர் பற்றி இன்னொன்று. தடியிலிருந்து வரும் சீமைக்கிளுவைக்கு ஆணிவேர் கிடையாது. பக்கவேர்கள் மேலோட்டமாகவே ஓடும். விதையிலிருந்து வந்த கன்று ஆழம் போகும், ஆனால் வேலிக்கு யார் விதை போடுகிறார்கள்? 2020 டிசம்பரில் புரெவி புயல் திருகோணமலைக்கு வடக்கே கரையேறி வன்னிக்கு மேலாகப் போன இரவுக்குப் பிறகு எங்கள் வடக்கு வேலியில் வெட்டாமல் தலை கனத்து நின்ற சீமைக்கிளுவைகள் ஒரு பக்கமாகச் சரிந்து கிடந்தன. பக்கத்தில் நின்ற கிளுவைகளில் கொப்பு முறிந்ததே தவிர மரம் அசையவில்லை. பிழை மரத்தினது இல்லை, என்னுடையது. மாரிக்கு முன் தலையை இறக்கியிருக்க வேண்டும்.

சரி, அப்படியானால் சீமைக்கிளுவை ஏன்? குழைக்காக, அதாவது வெட்டிப் போடுகிற இலைக்கொப்புக்காகத்தான். வேலி என்று நினைத்து நட்டால் அது சுமாரான வேலி. தோட்டம் என்று நினைத்து நட்டால் அதற்கு ஈடு இல்லை. 2005 இல் தேயிலை, இறப்பர், தென்னைக்கு அடுத்த நாலாவது பெருந்தோட்டப் பயிர் என்று இலங்கை அரசாங்கம் இதை அறிவித்ததும் சும்மா இல்லை. விறகாகும், ஆட்டுக்குத் தீனியாகும், காற்றிலுள்ள தழைச்சத்தை வேர்முடிச்சில் பிடித்து இலையில் சேர்க்கும். 2021 இல் இரசாயனப் பசளைக்குத் தடை வந்த அந்தச் சில மாதங்களில், அதுவரை சீமைக்கிளுவையை ஏறெடுத்தும் பாராதவர்கள் எல்லாம் கத்தியோடு வேலி வேலியாகத் திரிந்தார்கள்.

அந்த நேரத்தில் பலர் ஏமாந்தும் போனார்கள். காய்ந்த இலையில் தழைச்சத்து நூற்றுக்கு மூன்று, நாலு பங்கு இருக்கும். ஆனால் பச்சைக் குழையில் பெரும்பகுதி தண்ணீர். 100 கிலோ பச்சைக் குழையை வயலில் போட்டால், அதிலுள்ள தழைச்சத்து ஏறக்குறைய இரண்டு கிலோ யூரியாவுக்குத்தான் சமம். குழை மண்ணையும் பதப்படுத்தும், அது வேறு கதை. ஆனால் நாலு வேலிமரத்தை வெட்டி ஒரு ஏக்கர் நெல்லை விளைவிக்கலாம் என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம். கத்தரிப் பாத்தி, வாழையடி, தென்னையடி, இவ்வளவுக்கு ஒரு வீட்டு வேலி தாராளமாகக் காணும்.

"ஆடு மணந்து பார்த்துவிட்டுத் திரும்பிப் போகுது" என்பார்கள். பழகாத ஆடு போகத்தான் செய்யும். ஒரு நாள் வாடவைத்து, பூவரசங்குழையோடு கலந்து கட்டினால் நாலைந்து நாளில் பழகிவிடும். பூஞ்சணம் பிடித்த குழையை மட்டும் போடக்கூடாது. எலிக்கொல்லி என்ற பெயரை நினைவில் வையுங்கள்.

எப்போது வெட்டுவது? முதலாண்டு கை வைக்காதீர்கள். அதன்பின் மாசியில், நிலத்தில் ஈரம் இருக்கும்போதே ஒரு வெட்டு. அந்த வெட்டில் வரும் புதுத்துளிர் கோடையிலும் ஓரளவு பச்சையாக நிற்கும். வெட்டாமல் விட்ட மரம் இலையை உதிர்த்து, இளஞ்சிவப்பாகப் பூத்து, காய் வெடித்து விதை எறிந்து பக்கத்து வளவையும் நிரப்பும். பூ அழகுதான், நானும் ஒன்றை அதற்காகவே விட்டிருக்கிறேன். புரட்டாதியில் இரண்டாவது வெட்டு, புயலுக்காக. இன்னுமொன்று: பயற்றங்காய்ப் பந்தலுக்கு அருகில் இது வேண்டாம். இரண்டிலும் ஒரே கறுப்பு அசுவினிதான் ஏறும்.

கிளுவைக்கு இந்தப் பராமரிப்பு எதுவும் தேவையில்லை. 2010 இல், போருக்குப் பிறகு நாங்கள் திரும்பி வந்தபோது காணியில் எல்லைக்கல் இல்லை, முட்கம்பி இல்லை, கம்பி கட்டியிருந்த கட்டைகளும் இல்லை. பற்றைக்குள் ஒரே கோட்டில் நின்ற கிளுவைகளைப் பார்த்துத்தான் அப்பா "இதுதான் மேற்கு வேலி" என்றார். யாரும் வெட்டவில்லை, தண்ணீர் விடவில்லை. அவை பாட்டுக்கு நின்றிருந்தன. பிறகு நில அளவையாளர் வந்து கயிறு பிடித்தபோது அரை அடி கூட விலகவில்லை. இதனால் நான் கிளுவைப் பக்கம் கொஞ்சம் சாய்ந்தவன். அதை மறைக்கவில்லை.

இனிப் பூவரசு. அலம்பில், கொக்கிளாய், முல்லைத்தீவுக் கரை என்று கடலுக்குக் கிட்ட உள்ளவர்களுக்கு இந்த அலசலே தேவையில்லை, பூவரசை நடுங்கள். உப்புக் காற்றையும் உவர் நிலத்தையும் அதுபோலத் தாங்குகிற வேலிமரம் வேறு இல்லை. காலையில் மஞ்சளாக விரிகிற பூ பின்னேரம் சிவந்து வாடும். குழை வயலுக்கும் ஆட்டுக்கும் ஆகும். முற்றிய மரம் தளபாடத்துக்கு வரும். இலையைச் சுருட்டிப் பீப்பீ ஊதாத பிள்ளை இருந்தால் அது வன்னிப் பிள்ளை இல்லை.

உள்ளே, மாங்குளம், நெடுங்கேணிப் பக்கத்துக் கிரவல் மேட்டில் அதே பூவரசு அவ்வளவு சொல்லும்படி இல்லை. வாய்க்கால் ஓரம், கிணற்றடி என்று ஈரம் கிடைக்கும் இடத்தில் நன்றாக நிற்கும். ஆனால் வேலிக்கென்று நட்டதை வெட்டாமல் விட்டால் பெருமரமாகி நிழல் விரித்துத் தோட்டத்தைக் கெடுக்கும். வெண்டிக்காய்க் காரர்களுக்கு ஒரு சொல்: பூவரசும் வெண்டியும் ஒரே குடும்பம். பூவரசங்காயில் கூடுகிற அந்தச் சிவப்புப் பூச்சி வெண்டிக்கும் வரும்.

முள்முருக்கைப் பற்றி நீட்டி எழுத ஒன்றுமில்லை. கல்யாண வீட்டில் கன்னிக்கால் நட அது வேண்டும். ஆட்டுக்கு அதைவிடப் பிடித்த குழை கிடையாது. சீமைக்கிளுவை போலவே தழைச்சத்தும் சேர்க்கும், முள்ளும் உண்டு. ஆனால் மரம் பஞ்சு. கறையானுக்கும் காற்றுக்கும் இலகுவில் போகும். அப்புறம் அந்த இலைக்கொப்புளம். 2004 இல்தான் அறிவியலார் பெயர் சூட்டிய ஒரு குட்டிக் குளவி, இலையிலும் காம்பிலும் முட்டையிட்டு முண்டு முண்டாக வீங்க வைக்கும். சில ஆண்டுகளுக்குள் ஆசியாவின் பல நாடுகளில் முருக்குகளை அது மொட்டையாக்கியது. மருந்தடித்துத் தீர்கிற காரியமில்லை. வீங்கிய கொப்பை வெட்டி எரிக்கலாம், அவ்வளவுதான். வேலி முழுக்க முருக்கு என்பது இன்றைக்குச் சூதாட்டம். ஆட்டுக்கொட்டிலடியில் மூன்று, கன்னிக்காலுக்கு ஒன்று. போதும்.

எந்த மரமானாலும் அதிகம் கேட்கிற கேள்வி ஒன்றுதான்: நட்டதில் பாதி ஏன் பட்டுப்போனது? பெரும்பாலும் கை செய்த பிழை. இளந்தடியை வெட்டியிருப்பார்கள். ஒரு வயது தாண்டி, மணிக்கட்டுப் பருமனில், பட்டை கபிலமாகத் திரும்பிய தடிதான் வேண்டும். அல்லது குழி போடாமல் பொல்லால் அடித்து இறக்கியிருப்பார்கள்; அடிப்பட்டை உரிந்தால் வேர் எங்கிருந்து வரும்? அலவாங்கால் ஒன்றரை அடி குழி, அடியைச் சரிவாக ஒரே வெட்டு, தடியை வைத்து மண்ணை மிதித்து இறுக்க வேண்டும். நட்ட பிறகு ஆட்டிப் பார்க்கக் கூடாது. "துளிர் வந்துட்டுது, வேர் பிடிச்சிட்டுது" என்று நினைப்பது அடுத்த பிழை. தடியில் மிச்சமிருந்த சத்திலேயே முதல் துளிர் வந்துவிடும். வேர் பிந்தித்தான் வரும். குறுக்கே வரிச்சுத்தடி கட்டும்போதும் கம்பி கட்டும்போதும் அசையாமல் பாருங்கள். கம்பியை மரத்தைச் சுற்றி முறுக்கினால் நாலைந்து வருடத்தில் மரம் அதை விழுங்கிவிடும்.

இன்னும் சிலவற்றைச் சொல்லிவிடுகிறேன். ஆடாதோடையை ஆடு தொடாது, பெயரிலேயே இருக்கிறது. கதியாலுக்கு இடையில் அடிப்பொட்டை, அதாவது வேலியடி இடைவெளியை, அடைக்க நல்லது, தனி வேலியாகாது. இப்பில் இப்பில் என்கிற மரத்தை நட்டால் அது உங்களைக் கேட்காமலே பரவும். பனை எல்லைக்கு அருமையானது, ஆனால் அதன் பயன் உங்கள் பிள்ளைகளுக்குத்தான். யானைக்கு இவற்றில் எதுவும் வேலி இல்லை. கிளுவையையும் சீமைக்கிளுவையையும் ஒரே மிதியில் தாண்டும்.

என் வளவில் மேற்கும் தெற்கும், அதாவது சோளகமும் மாடும் வருகிற பக்கங்கள், முழுக்கக் கிளுவை. கிழக்கில் தோட்டத்தை ஒட்டிச் சீமைக்கிளுவை. வடக்கில் மூன்று சீமைக்கிளுவைக்கு ஒரு கிளுவை. புயலுக்குப் பிறகு வந்த புத்தி. வாய்க்கால் மூலையில் இரண்டு பூவரசு.

எதிர்வளவு அண்ணை முழுக்கச் சீமைக்கிளுவைதான் என்று ஒற்றைக்காலில் நின்றார். போன ஐப்பசியில் இரண்டு பேருமாக நட்டோம். தை பிறந்தபோது ஒழுங்கைப் பக்கம் வரிசையாக ஒன்பது தடி பட்டுப்போயிருந்தன. பிடுங்கிப் பார்த்தால் ஒன்பதும் தலைகீழ். கொப்பு நுனி மண்ணுக்குள், அடி வானத்தைப் பார்த்தபடி. அந்தப் பக்கம் நட்டது நான் என்கிறார் அவர், அவர்தான் என்கிறேன் நான். மாசியில் அந்த இடைவெளியை அடைக்கப் போனபோது அவர் வீட்டு அக்கா மறித்துவிட்டா. எங்கள் வீட்டுக்கு வர இப்போது அந்தப் பொட்டுத்தான் குறுக்கு வழியாம்.