தார் வண்டிக்கு லிஃப்ட், ஸ்னார்கல் போடப் போகிறீர்களா? என் 1,33,000 ரூபாய் போன கதை

கோயம்புத்தூர்ப் பக்கம் ஆஃப்ரோடு வண்டிகளுக்கு வேலை பார்க்கும் ஒரு ஒர்க் ஷாப்பில் நான் ஏமாந்ததை எழுதுகிறேன். கடைப் பெயரைப் போடவில்லை. ஏன் என்பது கீழே வரும். தெரியாதவர்களுக்கு: லிஃப்ட் என்றால் வண்டியைத் தரையிலிருந்து உயர்த்துவது. ஸ்னார்கல் என்றால் எஞ்சினுக்கான காற்றை உயரத்திலிருந்து எடுக்கும் குழாய்.

வண்டி 2016 மாடல் மஹிந்திரா தார் ஜீப், 2.5 லிட்டர் சி.ஆர்.டி.இ. டீசல். செகண்ட் ஹேண்டில் வாங்கியது. ஆனைமலைப் பக்கம் மச்சானுக்குத் தென்னந்தோப்பு இருக்கிறது. தோப்புக்குள் போக ஒரு பள்ளத்தைத் தாண்ட வேண்டும். வெளியூர்க்காரர்களுக்கு: எங்கள் பக்கம் பள்ளம் என்றால் ஓடை. மழை பிடித்தால் தொடை வரைக்கும் தண்ணீர் போகும். அதற்காகத்தான் வண்டியை உயர்த்தினேன் என்று சொல்லிக்கொள்ள ஆசைதான். பாதிதான் உண்மை. மீதிப் பாதி, பக்கத்து வீட்டுத் தாரைவிட என் தார் உயரமாகத் தெரிய வேண்டும் என்பது.

"முன்னால ரெண்டு இஞ்ச், பின்னால ரெண்டு இஞ்ச், ஃபுல் கிட்டு போட்டுத் தர்றேனுங்ணா. ஸ்னார்கல் மாட்டிட்டா பானெட் முங்குனாலும் வண்டி நிக்காதுங்ணா" என்றார் ஓனர். லிஃப்ட் கிட் 48,000, ஸ்னார்கல் 14,000, ஆக்சில் பிரீதர் டியூபை (ஆக்சிலுக்குள் காற்று போய்வரும் குழாய்) மேலே ஏற்றி விட 3,500, 245/75 ஆர்16 டயர் ஐந்து 67,500. ஒரு துண்டுச் சீட்டில் எஸ்டிமேட் எழுதிக் கொடுத்தார். ஜி.எஸ்.டி. பில் கேட்டதற்கு, "பில்லுன்னா ரேட்டு வேறங்ணா" என்றார். நானும் தலையாட்டினேன். 2023 ஜூனில் அட்வான்ஸ் கொடுத்தேன், ஐந்து நாளில் வண்டி வந்தது. ஏறி உட்கார்ந்தால் லாரி டிரைவர் மாதிரி இருந்தது. குனிந்து கீழே பார்க்க வேண்டும் என்று தோன்றவேயில்லை.

முதல் வாரமே ஸ்பீட் பிரேக்கரில் ஏறி இறங்கினால் முன்பக்கம் 'டொம்' என்று ஒரு அடி. போன் செய்தேன். "புது கிட்டுங்ணா, ஆயிரம் கிலோமீட்டர் ஓடுனா செட் ஆயிரும்." செட் ஆகவில்லை. ஆகஸ்ட் வாக்கில், மண் ரோட்டில் ஃபோர் வீல் போட்டு ஸ்டீயரிங்கை ஒடித்தால் 'டக் டக்' என்று சத்தம். முன் டயர்கள் ஒரு ஓரமாகத் தேய ஆரம்பித்தன. இதற்கும் அவரிடம் ஒரு பதில் இருந்தது: "அலைன்மென்ட் பாருங்ணா."

நவம்பர் மழையில் பள்ளத்தில் இறங்கினேன். லோ கியர், ஃபர்ஸ்ட், நிதானமாகத்தான். நடுப் பள்ளத்தில் தண்ணீர் பம்பருக்கு மேலே வந்தது. ஸ்னார்கல் இருக்கிறதே என்று தைரியமாகப் போனேன். எஞ்சின் ஒருமுறை முக்கிவிட்டு நின்றது. சாவியைத் திருப்பக் கை போனது. கரையில் நின்ற தோப்புக்காரர், "செல்ப் அடிக்காதீங்க சாமி!" என்று கத்தினார். அந்த ஒரு சத்தத்தில்தான் என் எஞ்சின் பிழைத்தது. சிலிண்டருக்குள் தண்ணீர் இருக்கும்போது ஸ்டார்ட் செய்தால், தண்ணீர் அமுங்காது, கனெக்டிங் ராடுதான் வளையும். டிராக்டர் கட்டி இழுத்தோம்.

பொள்ளாச்சியில் பழைய ஜீப் வேலை பார்க்கும் மெக்கானிக் ஒருவரிடம் வண்டி போனது. இன்ஜெக்டர்களைக் கழற்றிவிட்டு, கிராங்கை ஸ்பேனர் போட்டுக் கையாலேயே சுற்றினார். இரண்டு சிலிண்டரிலிருந்து தண்ணீர் பீய்ச்சி அடித்தது. ராடு வளையவில்லை. நான்கு நாள் கழித்து வண்டி ஸ்டார்ட் ஆனது. அப்புறம் அவர் செய்ததுதான் நான் மறக்காத காட்சி. ஸ்னார்கலின் தலையைக் கழற்றினார். தன் ரப்பர் செருப்பை எடுத்துக் குழாய் வாயில் வைத்து அழுத்தினார். எஞ்சின் கொஞ்சமும் திணறாமல் ஓடிக்கொண்டே இருந்தது.

"ஒழுங்கா மாட்டியிருந்தா இந்நேரம் மூச்சு முட்டி ஆஃப் ஆயிருக்கணுங்க. இது சும்மா அழகுக்கு நிக்குது."

பானெட்டைத் திறந்து காட்டினார். மட்கார்டில் ஓட்டை போட்டு ஹோஸை உள்ளே விட்டிருக்கிறார்கள். அது ஏர் ஃபில்டர் பாக்ஸுக்கு முன்னாலேயே தொங்குகிறது. கிளாம்ப் கிடையாது, சிலிகான் கிடையாது. கம்பெனி வைத்திருந்த குழாயையும் பிடுங்கிவிட்டதால் பாக்ஸின் வாய் திறந்தே கிடந்திருக்கிறது. ஸ்னார்கல் போடாமல் போயிருந்தால் ஒருவேளை வண்டி நின்றிருக்காது. 14,000 கொடுத்துத் தண்ணீருக்கு வழி செய்து கொடுத்திருக்கிறேன்.

கிட்டைக் காட்டுங்கள் என்றேன். சிரித்தார். பழைய தாருக்கு முன்னால் காயில் ஸ்பிரிங் இல்லை, டார்ஷன் பார்தான். நீளமான இரும்புத் தண்டு, முறுக்கேறி ஸ்பிரிங் வேலை செய்யும். அதன் பின்முனையில் இருக்கும் அட்ஜஸ்டர் போல்ட்டை முறுக்கினால் வண்டியின் மூக்கு தானாக உயரும். ஒரு ரூபாய்ப் பாகம் தேவையில்லை. என் வண்டியில் போல்ட் முழுக்கத் துரு, ஸ்பேனர் பட்ட முனை மட்டும் பளபள. ஷாக் அப்சார்பர் அதே பழசு. சக்கரம் ஏற்கெனவே கீழே தொங்குகிற நிலையில் இருப்பதால், குண்டு குழியில் அது இன்னும் இறங்க இடமில்லை. அந்த 'டொம்' அதுதான். டிரைவ் ஷாஃப்ட் சாய்வான கோணத்தில் சுற்றி, ஜாயிண்டை மூடும் ரப்பர் பூட் கிழிந்து, சக்கரத்தின் உள்பக்கமெல்லாம் கறுப்பு கிரீஸ் தெறித்துக் கிடந்தது. ஜாயிண்டுக்குள் மணல். 'டக் டக்' அது. பின்னால் கமான் பட்டை புதிதாக ஒன்றுகூட ஏறவில்லை. பட்டையின் முனையைத் தாங்கும் ஷேக்கிள் மட்டும் நீளமாக்கியது, கேஸ் கட்டிங்கில் வெட்டிய தகடு, ஓரத்தைக்கூட கிரைண்ட் செய்யவில்லை.

போல்ட்டை அளவோடு முறுக்குவதைத் தப்பென்று நான் சொல்லவில்லை. தெரிந்தவர்கள் செய்கிறார்கள். அதைக் கிட் என்று சொல்லி 48,000 வாங்குவதுதான் திருட்டு.

பின் கிரவுன் (பின் ஆக்சில் நடுவே இருக்கும் பல்சக்கரப் பெட்டி) ஆயிலை இறக்கியபோது பால் காப்பி நிறத்தில் வந்தது. ஓடிச் சூடான ஹவுசிங் குளிர்ந்த தண்ணீரில் இறங்கினால் உள்ளே இருக்கும் காற்று சுருங்கி, பிரீதர் வழியாகத் தண்ணீரை உறிஞ்சும். அதற்குத்தானே டியூபை மேலே ஏற்றுவது? ஏற்றவில்லை.

டயர் கதை இன்னும் மோசம். டயரின் பக்கவாட்டில் டாட் (DOT) எழுத்துக்குப் பக்கத்தில் கடைசி நாலு எண்தான் தயாரிப்புத் தேதி: வாரம், வருஷம். பல டயர்களில் முழு எண் ஒரு பக்கம் மட்டும்தான் இருக்கும். அந்தப் பக்கத்தை உள்ளே திருப்பி மாட்டியிருந்தார்கள். டார்ச் அடித்துப் பார்த்தால் ஐந்திலும் 1119. 2019ஆம் வருஷம் 11ஆவது வாரம். நாலு வருஷம் எங்கோ கிடந்த சரக்கு. இன்னொன்று யாரும் சொல்லாதது: கம்பெனி அளவான 235/70இலிருந்து 245/75க்குப் போனால் டயர் சுமார் 5 சதவீதம் பெரிது. மீட்டர் 60 காட்டும்போது நிஜத்தில் 63 போகிறீர்கள்.

கடைக்குப் போய்ச் சண்டை போட்டேன். கத்தவில்லை அவர், ரொம்ப மரியாதையாகவே சொன்னார்: "கன்ஸ்யூமர் கோர்ட் போங்ணா. உங்க வண்டி போட்டோ எல்லாம் என்கிட்டயும் இருக்குங்ணா. ஆர்.டி.ஓ.வுக்கு யார் பதில் சொல்றது?"

இதுதான் இவர்கள் பலம். கம்பெனி அமைப்புக்கு மாறாக வண்டியை மாற்றக் கூடாது என்று 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமே சொல்லிவிட்டது. மோட்டார் வாகனச் சட்டம் 182ஏ பிரிவில், இப்படி மாற்றிய ஓனருக்கு மாற்றம் ஒன்றுக்கு 5,000 ரூபாய் அபராதம், அல்லது ஆறு மாதம் வரை சிறை, அல்லது இரண்டும். பில்லும் இல்லை, ஆர்.சி.யில் பதிவும் இல்லை. நானே அரைக் குற்றவாளி. கடைப் பெயரைப் போடாததும் அதனால்தான். வக்கீல் நண்பர், 5 லட்சம் வரை மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் கட்டணமே இல்லை, டயருக்கும் செய்யாத வேலைக்கும் கேட்கலாம் என்றார். ஆனால் கையில் இருப்பது துண்டுச் சீட்டும் ஜி.பே.யில் 50,000 அனுப்பிய ஸ்கிரீன்ஷாட்டும். மீதி ரொக்கம். மூன்று மாதம் நடந்து 20,000 திரும்ப வாங்கினேன். இன்சூரன்ஸில் எஞ்சின் புரொடெக்ஷன் சேர்க்காததால் அங்கேயும் கை விரித்தார்கள். பொள்ளாச்சிச் செலவு 38,000.

வேலைக்கு விட்டே ஆக வேண்டும் என்றால், வண்டியை எடுக்கும் நாளன்று ஒர்க் ஷாப்பின் தூக்கும் மேடையில் ஏற்றி ஒவ்வொரு பாகத்தையும் கைநீட்டிக் காட்டச் சொல்லுங்கள். கழற்றிய பழைய பாகங்களைச் சாக்கில் போட்டு வாங்குங்கள். கிட் போட்டேன் என்பவரிடம் பழைய ஷாக் இருக்க வேண்டுமே? டயர் ரிம்மில் ஏறும் முன்பே எண்ணைப் போட்டோ எடுங்கள். ஸ்னார்கலுக்குச் செருப்பு போதும்.

வண்டி இப்போது பழைய உயரத்துக்கே இறங்கிவிட்டது. டயரில் இரண்டைத்தான் மாற்ற முடிந்தது. ஸ்டெப்னியோடு மூன்று இன்னும் 1119தான்.