ஓய்வுக்குப் பின் மோட்டார்ஹோமே வீடாக: நீண்ட காலப் பயன்பாட்டு அனுபவம்

பணி ஓய்வு பெற்றபின் வீட்டைக் காலி செய்துவிட்டு, கட்டிலும் சமையலிடமும் கழிப்பறையும் உள்ளடங்கிய வண்டியான மோட்டார்ஹோமையே நிரந்தர இருப்பிடமாகக் கொண்டு நானும் என் கணவரும் பல ஆண்டுகளாக வாழ்ந்து வருகிறோம். விடுமுறைக்காக இரண்டு வாரம் வண்டி எடுத்துச் செல்வோர் எழுதும் மதிப்புரைகள் ஏராளமாகக் கிடைக்கின்றன. மெத்தையின் மென்மையும் சமையல் மேடையின் நீளமும் அவற்றில் விரிவாகப் பேசப்படும். வெயிலும் மழையும் குளிரும் மாறி மாறி வர, உடல்நலமும் முன்போல் இல்லாத இருவர் ஆண்டு முழுவதும் ஒரே வண்டிக்குள் வாழும்போது எவை தாங்குகின்றன, எவை தளர்ந்துபோகின்றன என்பதை எழுதுவோர் குறைவு. அறுபதைக் கடந்தபின் இந்த முடிவைப் பற்றி யோசிப்பவர்களுக்குப் பயன்படட்டும் என்று இதை எழுதுகிறேன்.

எங்கள் வண்டி ஏழு மீட்டருக்குச் சற்றுக் குறைவான நீளமும் ஏறத்தாழ மூன்று மீட்டர் உயரமும் கொண்டது. டீசல் இஞ்சின், முன்சக்கர இயக்கம். வேனின் முன்பகுதியை அப்படியே வைத்துக்கொண்டு பின்னால் தனியே பாடி கட்டப்பட்ட வகை. இதைத் தேர்ந்தெடுத்ததற்கு முதன்மைக் காரணம் கட்டில்தான். ஓட்டுநர் இருக்கைக்கு மேலே பரண்போல் அமைந்த படுக்கைக்கு ஏணி வைத்து ஏற வேண்டும்; சுவரோடு ஒட்டிய படுக்கையில் உட்புறம் படுப்பவர் எழுந்தால் வெளிப்புறம் படுப்பவரும் எழ வேண்டும். இரவில் இருமுறையாவது எழுந்திருக்கும் வயதினருக்கு இவை இரண்டும் ஒத்துவரா. தலைமாடு மட்டும் சுவரோடு ஒட்டியிருக்க, மற்ற பக்கங்களில் நடக்க இடம்விட்ட கட்டிலையே வாங்கினோம். வரவேற்பிடம் அதனால் சுருங்கியது உண்மை. ஆனால் தூக்கம் கெடாமல் இருப்பதைவிடப் பெரிய வசதி இந்த வாழ்க்கையில் வேறில்லை என்று இன்றும் கருதுகிறேன்.

வாங்குவோர் மிகக் குறைவாகக் கவனிப்பது எடையை. பல நாடுகளில் சாதாரண கார் உரிமத்தைக் கொண்டு 3,500 கிலோ மொத்த எடை வரையுள்ள வண்டியைத்தான் ஓட்ட முடியும் என்பதால், தயாரிப்பாளர்கள் அந்த வரம்புக்குள் எல்லா வசதிகளையும் அடைக்கப் பார்க்கிறார்கள். ஐரோப்பியத் தயாரிப்பாளர்கள் தரும் ‘ஓடும் நிலை’ எடையில் ஓட்டுநருக்கென 75 கிலோ மட்டும் சேர்ந்திருக்கும். உடன் வருபவரின் எடை அதில் இல்லை. வெயில்மறைப்பு, சைக்கிள் தாங்கி, கூடுதல் பேட்டரி என்று ஒவ்வொன்றாகச் சேர்த்தபின் மிஞ்சுவது விடுமுறைப் பயணிகளுக்குப் போதும். நான்கு பருவங்களின் உடைகளையும், மருந்துகளையும், கருவிப்பெட்டியையும், ஒரு குடும்பத்தின் ஆவணங்களையும் சுமந்து செல்பவர்களுக்குப் போதாது. நீர் லிட்டருக்கு ஒரு கிலோ என்பதால், 100 லிட்டர் தொட்டி நிரம்பியிருந்தாலே 100 கிலோ போய்விடும்.

மொத்த எடை வரம்புக்குள் இருந்தாலும் பின் அச்சின் எடை மீறியிருக்கக்கூடும். பின்சக்கரங்களுக்கு அப்பால் நீண்டிருக்கும் சாமான் அறையில் வைக்கும் பொருள், நெம்புகோல் முறையில் பின் அச்சின்மேல் தன் எடையைவிடக் கூடுதலாக அழுத்துவதோடு, முன் அச்சைச் சற்றுத் தூக்கவும் செய்கிறது. முன்சக்கர இயக்கமுள்ள வண்டிக்கு இது இரட்டைத் தீங்கு: ஈரப் புல்வெளியிலிருந்து வெளியே வரும்போது இழுக்க வேண்டிய சக்கரங்களுக்கே பிடிமானம் இருக்காது. எனவே ஆண்டுக்கு ஒருமுறையாவது முழுச் சுமையோடு எடைமேடையில் ஏற்றி, முன் அச்சையும் பின் அச்சையும் தனித்தனியே நிறுத்துப் பார்க்கிறோம். கனமான பொருள்கள் இரு அச்சுகளுக்கும் நடுவே, தரைமட்டத்தில்தான் இருக்க வேண்டும் என்பது எங்கள் வண்டியில் மாறாத விதி.

ஓரிடத்தில் எத்தனை நாள் தங்கலாம் என்பதை முடிவு செய்வது எது என்று கேட்பவர்களிடம் நான் தயங்காமல் சொல்லும் விடை, கழிப்பறைப் பெட்டி. இழுத்து எடுத்துக் கொட்டக்கூடிய கேஸட் கழிப்பறையின் கொள்ளளவு பெரும்பாலும் 18 முதல் 20 லிட்டர் வரைதான். இருவர் முழுநேரமும் பயன்படுத்தினால் இரண்டு மூன்று நாளில் நிரம்பிவிடும். இரத்த அழுத்தத்துக்காகச் சிறுநீர் பெருக்கும் மாத்திரை உண்பவர் ஒருவர் இருந்தால் அதற்கு முன்பே நிரம்பும்; இதை எந்த விளம்பரத் தாளும் சொல்வதில்லை. மாற்றுப்பெட்டி ஒன்றை வாங்கி வைத்துக்கொண்ட பிறகு எங்கள் தங்கும் காலம் ஏறத்தாழ இரண்டு மடங்கானது. வண்டிக்காக நாங்கள் செய்த செலவுகளில் அதற்கு ஈடான பயன் தந்தது மிகச் சிலவே. நிரம்பிய பெட்டி இருபது கிலோவுக்கு மேல் கனக்கும் என்பதால், சக்கரமும் கைப்பிடியும் உள்ள வகையாகப் பார்த்து வாங்க வேண்டும்.

நன்னீரைச் சிக்கனமாகப் பயன்படுத்தினால் 100 லிட்டர் எங்களுக்கு மூன்று நான்கு நாள் வரும். குளிக்கும்போது உடலை நனைத்ததும் குழாயை மூடி, சோப்பு போட்ட பின் மீண்டும் திறப்பது முதல் சில வாரங்களிலேயே பழகிப்போகும். தொட்டியையும் குழாய்களையும் குறிப்பிட்ட இடைவெளியில் கிருமிநீக்கம் செய்வதை மட்டும் ஒருபோதும் தள்ளிப்போடக் கூடாது. முதியோரின் வயிறு அதைப் பொறுக்காது.

மின்சாரத்தில் எங்களுக்குக் கிடைத்த பெரிய முன்னேற்றம், ஈய-அமில பேட்டரியிலிருந்து லித்தியம் இரும்பு பாஸ்பேட் வகைக்கு மாறியது. 100 ஆம்பியர்-மணி ஈய-அமில பேட்டரியில் பாதிக்கு மேல் எடுத்தால் அதன் ஆயுள் குறையும். அதே அளவுள்ள லித்தியம் பேட்டரியில் 80 விழுக்காடோ அதற்கு மேலோ அச்சமின்றி எடுக்கலாம். எடையும் பாதிக்குக் குறைவு. ஆயினும் உறைநிலைக்குக் கீழே அதை மின்னேற்றினால் உள்ளே லித்தியம் உலோகமாகப் படிந்து நிலையான சேதம் ஏற்படும். குளிர்ப்பகுதிகளில் தங்க எண்ணுபவர்கள் அதை வெதுவெதுப்பான வசிப்பிடத்துக்குள் பொருத்த வேண்டும், அல்லது தானே சூடேற்றிக்கொள்ளும் வகையை வாங்க வேண்டும். கூரையில் படுத்தவாறு இருக்கும் சோலார் பேனல்கள் கோடையில் எங்கள் தேவை முழுவதையும் தருகின்றன. பூமத்திய ரேகையை விட்டு விலகிச் செல்லச் செல்ல, தாழ்ந்த குளிர்காலச் சூரியனிலிருந்து கிடைப்பது மிகச் சிறு பங்காகச் சுருங்கிவிடும். அப்போது வண்டி ஓடும்போது, இஞ்சினால் சுழன்று மின்சாரம் தரும் ஆல்டர்னேட்டரிலிருந்து மின்னேற்றும் கருவியே கைகொடுக்கிறது.

என் கணவர் உறக்கத்தில் மூச்சுத் தடைபடும் கோளாறுக்காக இரவு முழுவதும் ஒரு காற்றழுத்தக் கருவியைப் பயன்படுத்துகிறார். பேட்டரியின் அளவை நாங்கள் கணக்கிட்டது அந்தக் கருவியை வைத்துத்தான். ஈரப்பதமூட்டியின் சூடேற்றியை நிறுத்திவிட்டு, இன்வெர்ட்டர் வழியே செல்லாமல் நேரடியாக 12 வோல்ட் இணைப்பில் இயக்கினால் அதன் தேவை வெகுவாகக் குறைகிறது. மருத்துவரிடம் கேட்டபின்பே அவ்வாறு செய்யத் தொடங்கினோம். மாறாக, 1,800 வாட் மின்னடுப்பை இன்வெர்ட்டரில் இயக்கினால் 12 வோல்ட் பேட்டரியிலிருந்து 150 ஆம்பியருக்கு மேல் இழுக்கும். சமையலை எரிவாயுவிலேயே வைத்துக்கொண்டிருக்கிறோம்.

குளிர்சாதனப் பெட்டியைப் பற்றிச் சற்று விரிவாகவே சொல்ல வேண்டும், ஏனெனில் என் இன்சுலின் அதில்தான் இருக்கிறது. முதலில் எங்கள் வண்டியில் இருந்தது எரிவாயுவிலும் இயங்கும் உறிஞ்சல் வகை. சத்தமே இல்லாமல் இயங்கும் என்பது அதன் சிறப்பு. ஆனால் வண்டி சாய்ந்து நின்றால் அதனுள் அம்மோனியாக் கரைசலின் ஓட்டம் தடைபடும். கடும் வெயிலில் குளிர்ச்சி தளரும். குளிர்த்தகடுகளுக்கு அருகில் வைத்த பொருள் உறைந்தும் போகும். திறக்காத இன்சுலினை 2 முதல் 8 டிகிரி செல்சியஸுக்குள் வைக்க வேண்டும், ஒருமுறை உறைந்துவிட்டால் அதைப் பயன்படுத்தவே கூடாது என்ற நிலையில் இந்த ஏற்ற இறக்கத்தை நான் ஏற்க முடியவில்லை. 12 வோல்ட் கம்ப்ரசர் வகைக்கு மாறியபின் அந்தக் கவலை நீங்கியது. இரவில் அது ஓடும் ஓசை மெல்லக் கேட்கும். எனக்கு அது நிம்மதி தரும் ஓசை. இருந்தாலும் நடுத்தட்டில் ஒரு சிறு வெப்பமானியை வைத்து, காலையும் மாலையும் பார்த்துவிடுகிறேன்.

எரிவாயுவில் புரோப்பேன், பியூட்டேன் ஆகியவற்றின் வேறுபாட்டை அறிந்திருப்பது அவசியம். பியூட்டேன் சுழியம் டிகிரி செல்சியஸை ஒட்டியே ஆவியாவதை நிறுத்திவிடும். சிலிண்டர் நிறைந்திருந்தாலும் அடுப்பு எரியாது. புரோப்பேனின் கொதிநிலை ஏறத்தாழ −42 டிகிரி. குளிர்காலத்தில் வெப்பமூட்டியும் எரிவாயுவை நம்பியிருந்தால் புரோப்பேனைத் தவிர வேறு வழியில்லை. இரண்டுமே காற்றைவிடக் கனமானவை என்பதால் கசிந்தால் தரையில் தேங்கும். வண்டித் தரையில் உள்ள துளைகள் அதற்காகவே விடப்பட்டவை. குளிர்காற்று வருகிறதென்று அவற்றைத் துணி வைத்து அடைப்பவர்களைப் பார்த்திருக்கிறேன், தயவுசெய்து அப்படிச் செய்யாதீர்கள். கார்பன் மோனாக்சைடு எச்சரிக்கைக் கருவி இல்லாத வண்டியில் ஓர் இரவுகூடத் தூங்கக் கூடாது.

நீண்ட காலத்தில் வண்டியை உண்மையில் அரிப்பது ஈரம். இருவர் மூச்சிலும் வியர்வையிலும் ஓர் இரவில் அரை லிட்டருக்குமேல் நீர் வெளியேறுகிறது. அது குளிர்ந்த பரப்பைத் தேடிப் படியும். முன்கண்ணாடிக்கு வெளிப்புறமாகப் போடும் வெப்பத்தடுப்புத் திரை, உட்புறத் திரையைவிடப் பன்மடங்கு பயன் தருகிறது. உட்புறத் திரைக்கும் கண்ணாடிக்கும் இடையே நீர் வழிந்துகொண்டேயிருக்கும். மெத்தைக்கு அடியில் காற்றோட்டம் இல்லாவிட்டால் பூஞ்சை பிடிக்கும் என்பதால் இடைவெளி தரும் வலைவிரிப்பு ஒன்றைப் போட்டிருக்கிறோம். எவ்வளவு குளிரானாலும் கூரைச் சாளரம் ஒரு விரற்கடை திறந்தே இருக்கும். வெளியிலிருந்து வரும் ஈரம் இன்னும் ஆபத்தானது. கூரை இணைப்புகளிலும் சாளர ஓரங்களிலும் உள்ள பூச்சு வெயிலில் காய்ந்து விரிசல் விடும். உள்ளே மரச்சட்டம் ஊறிய பிறகே கறை கண்ணில் படும். ஆண்டுதோறும் ஈரமானி கொண்டு சோதிக்கச் செய்து அறிக்கையைப் பத்திரப்படுத்துகிறோம். பல தயாரிப்பாளர்களின் நீர்க்கசிவு உத்தரவாதம் அந்த ஆண்டுச் சோதனையைச் செய்தவர்களுக்கே செல்லும்.

டயர்களைப் பற்றிச் சுருக்கமாக: மோட்டார்ஹோம் டயர்கள் தேய்வதற்கு முன்பே மூப்படைந்துவிடும். பக்கச்சுவரில் உள்ள நான்கு இலக்கங்களில் முதல் இரண்டு வாரத்தையும் அடுத்த இரண்டு ஆண்டையும் குறிக்கும். 2319 என்றிருந்தால் 2019ஆம் ஆண்டின் 23ஆவது வாரம். பள்ளம் ஆழமாக இருக்கிறதே என்று பழைய டயரை வைத்திருக்க வேண்டாம். பிரேக் திரவம் காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சும் தன்மையுடையது. மலை இறக்கங்களில் செல்பவர்கள் இரண்டு ஆண்டுக்கு ஒருமுறையாவது அதை மாற்றிவிடுவது நல்லது.

இவ்வளவும் வண்டியைப் பற்றியது. எங்களைப் போன்ற வயதினருக்கு நான் எல்லாவற்றுக்கும் மேலாக வலியுறுத்த விரும்புவது, இருவரும் எல்லா வேலைகளையும் தனியே செய்யத் தெரிந்திருக்க வேண்டும் என்பதையே. நாங்கள் பார்க்கும் பெரும்பாலான தம்பதிகளில் ஓட்டுவதும் கழிவு கொட்டுவதும் எரிவாயு மாற்றுவதும் கணவரின் பொறுப்பாகவும், உள்ளே இருப்பவையெல்லாம் மனைவியின் பொறுப்பாகவும் பிரிந்திருக்கின்றன. ஒருவர் படுத்துவிட்டால் அந்த வீடு நின்ற இடத்திலேயே நின்றுவிடும். என் கணவருக்குக் கண்புரை அறுவை நடந்தபோது வண்டியை ஓட்டுவதும் அதன் வேலைகள் அனைத்தும் சில வாரங்களுக்கு முழுமையாக என் கைக்கு வந்தன. திருப்பத்தில் பின்பகுதி எதிர்ப்புறமாக வீசி வெளியேறும் என்பதை முன்பே வெற்று மைதானங்களில் ஓட்டிப் பழகியிருந்ததால் அச்சமின்றி மருத்துவமனைக்கும் தங்குமிடத்துக்கும் ஓட்ட முடிந்தது. மருந்துகளை எந்த வேளைக்கு எது என்று பார்த்து எடுத்துவைக்க அவரும், கேஸட் மாற்ற நானும் கற்றுக்கொண்டிருந்தது அந்த வாரங்களில் எங்களைக் காத்தது. வண்டியின் உயரம், அகலம், எடை ஆகியவற்றை எழுதி இரு இருக்கைகளுக்கும் தெரியும்படி ஒட்டியிருக்கிறோம்.

மருந்துகளை அவற்றின் மூலப்பொருட் பெயரால் எழுதி வைத்துக்கொள்ள வேண்டும். வணிகப் பெயர்கள் நாட்டுக்கு நாடு மாறும். காப்பீட்டில் ‘முழுநேர வசிப்பு’ என்பதை எழுத்தில் கேட்டுப் பெற வேண்டும், ஏனெனில் வழக்கமான மோட்டார்ஹோம் காப்பீடுகள் பலவும் விடுமுறைப் பயன்பாட்டை மட்டுமே கருதி எழுதப்பட்டவை. கடிதங்கள் வந்துசேர நிலையான முகவரி ஒன்றும் தேவை.

நெருக்கமான இடத்தில் இருவர் வாழ்வதைப் பற்றிப் பலரும் கேட்கிறார்கள். நடுவே ஒரு கதவும், சுழலும் முன்னிருக்கைகளும் இருப்பதால் ஒருவர் தூங்கும்போது மற்றவர் விளக்கு போட்டுப் படிக்க முடிகிறது. அது போதுமானதாக இருந்திருக்கிறது. உண்மையான களைப்பைத் தந்தது நாள்தோறும் இடம் மாறுவதுதான். ஒவ்வொரு இடத்திலும் ஒரு வாரமாவது தங்குவது என்று முடிவு செய்தபின் எரிபொருள் செலவும் குறைந்தது, என் கணவரின் முதுகுவலியும் குறைந்தது, அக்கம்பக்கத்தில் நிற்பவர்களோடு பேசிப் பழகவும் நேரம் கிடைத்தது.

எப்போது நிறுத்துவது என்பதையும் நாங்கள் பேசி எழுதி வைத்திருக்கிறோம். இருவரில் ஒருவர் ஓட்ட முடியாத நிலை நிலைத்துவிட்டாலோ, வாசற்படியில் ஏற இன்னொருவரின் தோள் தேவைப்பட்டாலோ, அந்தப் பருவம் முடிவதற்குள் தரைத்தளத்தில் ஒரு சிறு வீட்டுக்குக் குடியேறிவிடுவோம். அதற்கான தொகையைப் பயணச் செலவிலிருந்து பிரித்து முன்பே ஒதுக்கிவிட்டோம். வண்டி வாங்குவதற்கு வீட்டை விற்க எண்ணுபவர்கள் இந்தத் தொகையை எடுத்து வைத்த பிறகு மிஞ்சுவதற்குள் வண்டியைத் தேடுங்கள்.