எங்கள் தெரு பச்சையாம்! வார்டு வெப்ப வரைபடம், 5க்கு 3

பாலக்காட்டுக்காரர்களுக்கு வெயிலைப் பற்றிப் புதிதாகச் சொல்ல வேண்டியதில்லை, 2016 ஏப்ரலில் 41.9 டிகிரியைப் பார்த்தவர்கள் நாங்கள். அதனால்தான் வார்டு வாரியாக யாருக்கு ஆபத்து அதிகம் என்று மார்க் போடும் இந்த இணைய வரைபடத்தை ஆசையாகத் திறந்தேன். கணக்கு முறையில் குறையில்லை: வெயில் எவ்வளவு படுகிறது, தாங்க முடியாத முதியவர்களும் குழந்தைகளும் எத்தனை பேர், சமாளிக்க வருமானமும் தண்ணீரும் ஆஸ்பத்திரியும் உண்டா என்று மூன்றையும் சேர்த்துப் பார்க்கிறார்கள். அமெரிக்காவின் நோய்த் தடுப்பு மையமான சிடிசியின் குறியீடும் கிட்டத்தட்ட இந்த மாதிரிதான், பேரிடர்களுக்காக 16 சமூக விவரங்களைச் சேர்த்துப் பார்க்கும்.

சரி, எங்கள் தெரு? பச்சை, அதாவது ஆபத்து குறைவாம்! வெப்பத்தை லேண்ட்சாட் செயற்கைக்கோள் படத்திலிருந்து எடுக்கிறார்கள், அதன் வெப்பப் பதிவில் ஒரு புள்ளியே 100 மீட்டர் அகலம், அதற்குள் எங்கள் தகரக் கூரை லைன் வீடுகளும் பக்கத்துத் தென்னந்தோப்பும் கலந்து சராசரியாகிவிடுகின்றன. நிழல் தோப்புக்காரருக்கு, மார்க் எங்களுக்கு. மக்கள்தொகை விவரமோ 2011 கணக்கு, அப்போது இந்த லைனே கிடையாது. அப்புறம், எல்லாம் மலையாளத்திலும் ஆங்கிலத்திலும்தான், தமிழ் மட்டும் படிக்கத் தெரிந்த எங்கள் அம்மா எதை அழுத்துவார்? காசு வாங்கவில்லை, அதற்காகத்தான் அந்த 3. ஃபோனில் திறக்க வெகு நேரமாகும், கம்ப்யூட்டரில் பாருங்கள்.