குன்னூர் பழைய மரச்சாமான் கடை: 6,500 ரூபாய்க்கு ஒரு தேக்குக் கதவு

கையில் இருந்தது சீட்டு எடுத்த 60,000. வீடு தாத்தா கட்டியது; கல்லும் மண்ணும் வைத்த சுவர், மேலே தகரம். முன்கதவின் அடிப்பக்கம் இற்றுப்போய் ராத்திரி எலி சாவகாசமாக வந்துபோகும். சமையலறை ஜன்னல் மூடாது. புதுத் தேக்குக் கதவுக்கு நிலையோடு விலை கேட்டேன், 34,000 என்றார்கள். பேசாமல் வந்து தையல் மிஷினில் உட்கார்ந்துவிட்டேன்.

ஆசாரி அண்ணன்தான் வழி சொன்னார். "குன்னூர்ல பழைய பங்களா இடிச்ச சாமான் விக்கிறாங்க, ஒரு நடை போய்ப் பாரும்மா." போனேன். பெயர்ப்பலகை கிடையாது. தார்ப்பாய்க்கு அடியில் கதவுகள் புத்தகம் மாதிரி சாய்த்து வைத்திருக்கின்றன. மங்களூர் ஓடு, இரும்புக் கிராதி, பீங்கான் தொட்டி, ஒரு மூலையில் கைப்பிடியும் தாழ்ப்பாளும் தனியாக ஒரு வாளி நிறைய. விலை எதிலும் ஒட்டியிருக்காது. கடைக்காரர் உங்கள் முகத்தைப் பார்த்துத்தான் சொல்வார். அதனால் பிடித்ததைப் பார்த்ததும் முகம் மலராதீர்கள்.

கதவு நிலையோடு 9,000 என்று ஆரம்பித்து 6,500-க்கு முடிந்தது. நான்கு பலகை வைத்த ஒற்றைக் கதவு, பித்தளைக் கீலோடு. 7 அடி உயரம், எங்கள் வாசல் அதற்கு 3 அங்குலம் குறைவு. அடியில் அறுத்துக்கொள்ளலாம் என்று ஆசாரி முன்பே சொல்லியிருந்தார், சரியாகிவிட்டது. வாசலை அளந்து எழுதிய சீட்டு இல்லாமல் இந்தக் கடைக்குப் போகவே போகாதீர்கள். எடுத்துப்போனதைத் திருப்பி வாங்க மாட்டார்கள்.

இழைக்கும்போது பக்கத்திலேயே நின்றேன். முதலில் பச்சை பெயின்ட், அதற்குக் கீழே க்ரீம், அதற்கும் கீழே வேறொரு பச்சை. மூன்றாவது சுருள் விழுந்தபோது தேன் நிறத்தில் மரம் தெரிந்தது. எண்ணெய் கலந்த மாதிரி ஒரு வாசனை திண்ணை முழுக்க. எத்தனையோ வருஷம் காய்ந்த மரம், இனி முறுக்காது. சரியாகக் காயாத புது மரம் நம் ஊர்ப் பனியில் ஊறி வெயிலில் சுருங்கி என்ன ஆகும் என்று இங்கே எல்லோருக்கும் தெரியும்.

ஒன்று சொல்லியாக வேண்டும். பழைய எண்ணெய் பெயின்டில் ஈயம் இருக்கும். வீட்டு பெயின்டில் ஈயத்துக்கு 90 பிபிஎம் (பத்து லட்சம் பங்கில் 90 பங்கு) என்று வரம்பு அமலுக்கு வந்ததே 2017 நவம்பரில்தான். ஈரம் இல்லாமல் உப்புத்தாளால் தேய்த்தால் அந்தத் தூசி மூக்குக்குள் போகும். நாங்கள் வெளியே வைத்து, தண்ணீர் தெளித்து, ஈரத்தோடு சுரண்டினோம். பிள்ளைகளை அக்கா வீட்டுக்கு அனுப்பிவிட்டேன்.

இனி வயிற்றெரிச்சல். ஜன்னல் 3,200. "தேக்குதான், கண்ணை மூடிட்டு எடுத்துக்குங்கக்கா" என்றார் கடைக்காரர். கண்ணை மூடித்தான் எடுத்திருக்கிறேன். பெயின்டை எடுத்தால் வெளிறிய மரம், மீன் செதில் மாதிரி மினுமினுப்பு. ஆசாரி ஒரே பார்வையில் "சில்வர் ஓக்" என்றார். தேயிலைத் தோட்டத்தில் நிழலுக்கு நிற்கிற அதே மரம். மறுநாள் போய்ச் சண்டை போட்டேன். "பெயின்டுக்குள்ள என்ன இருக்குன்னு எனக்கு மட்டும் எப்படிக்கா தெரியும்?" என்றார், கூசாமல்! 500 ரூபாய் திருப்பித் தந்தார். பணம் கொடுப்பதற்கு முன் கீழ் விளிம்பில் சாவியால் ஒரு கீறல் போட்டுப் பாருங்கள். வேண்டாம் என்றால் அங்கேயே விட்டுவிட்டு வாருங்கள்.

சமையல் மேடைக்குப் பழைய கடப்பா கல் 2,000. ஓரத்தில் ஒரு சில்லு போயிருக்கிறது, அந்தப் பக்கத்தைச் சுவரோடு ஒட்டிவிட்டோம்.

கடையில் சொல்கிற விலையோடு செலவு முடியாது. வண்டி வாடகை 1,200. ஆசாரிக்கு 4 நாள் கூலி 4,800. அதில் ஒரு நாள் ஆணி பிடுங்கவே போனது. அப்படியும் ஒரு ஆணி உள்ளே ஒளிந்திருந்து இழைப்புளியின் வாயைக் கெடுத்துவிட்டது. திரும்பி வந்த 500-ஐக் கழித்தால் மொத்தம் 17,200. சிமெண்டுக்கு ஜிஎஸ்டி 28-லிருந்து 18 சதவீதமாகக் குறைந்தது 2025 செப்டம்பரில், சந்தோஷம். மேட்டுப்பாளையத்திலிருந்து மலை ஏற்றுகிற கூலியை யார் குறைப்பார்கள்? பழைய சாமான் ஏற்கெனவே மலைமேலேயே இருக்கிறது.

போவதாக இருந்தால் ஜனவரிக்கு மேல் போங்கள். ஐப்பசி மழையில் தார்ப்பாய் ஒழுகி மரமெல்லாம் ஊதிக் கிடக்கும், எதையும் நம்பி அளக்க முடியாது. கூட ஆசாரியைக் கூட்டிப்போனால் அவருக்கு அரை நாள் கூலி போகும். எனக்கு அந்த ஜன்னலில் போனதைவிடக் குறைவு.

ஐந்துக்கு மூன்றரை கொடுப்பேன். மீதி 42,800 கூரைத் தகரத்துக்கு எடுத்து வைத்தாயிற்று. முன்கதவுக்கு ஒரு பித்தளைத் தாழ்ப்பாள் வேண்டும், வாளியில் பார்த்து வைத்திருக்கிறேன். இந்த முறை சாவியோடு போகிறேன்.