ஸ்கைவாட்டர் 130 ஐஓ லைப்ரரி: அனலாக் பேட் ரிங்குக்கு எவ்வளவு தூரம் நம்பலாம்?

2020-இல் கூகுளும் சிப் தயாரிப்பு நிறுவனமான ஸ்கைவாட்டரும் சேர்ந்து வெளியிட்ட 130 நானோமீட்டர் ஓப்பன் பிடிகே-யோடு (சிப் வடிவமைக்கத் தேவையான விதிகளும் செல்களும் அடங்கிய தொகுப்பு) வரும் ஐஓ லைப்ரரி இது. சிப்பின் ஓரத்தைச் சுற்றி நின்று வெளியுலகோடு இணைக்கும் பேட்கள் இதில் இருக்கின்றன. காசு கொடுக்காமல் கிடைப்பதில் இவ்வளவு முழுமையான பேட் தொகுப்பு அபூர்வம். ஆனால் பேட்களை வரிசையாக ஒட்டிவிட்டால் இஎஸ்டி (நிலைமின்சார அதிர்ச்சி) பாதுகாப்பு தானாக அமைந்துவிடும் என்று எண்ணி இதை எடுக்க வேண்டாம்.

பவர் பேடைத் திறந்து பாருங்கள். 3.3 வோல்ட் பக்கத்துக்கு எச்விசி, 1.8 வோல்ட் பக்கத்துக்கு எல்விசி என இரண்டு வகை. இரண்டிலும் கிளாம்ப் (மின்னழுத்தம் எகிறினால் மின்னோட்டத்தைக் கிரவுண்டுக்குத் திருப்பும் சாதனம்) உள்ளேயே இருக்கிறது. ஆனால் அதன் டிரெய்ன், சோர்ஸ் முனைகள் எந்த பஸ்ஸிலும் (பேட் வரிசை நெடுக ஓடும் சப்ளை, கிரவுண்ட் கம்பிகள்) சேராமல் தனி பின்களாக நிற்கின்றன. மேலே வைக்கும் ஓவர்லே செல், பேடை விடிடிஐஓ (ஐஓ சப்ளை), விஎஸ்எஸ்ஏ (அனலாக் கிரவுண்ட்) போன்ற உரிய பஸ்ஸோடு இணைக்கும். கிளாம்ப் முனைகளை இணைப்பது வேறு வேலை. ஈஃபேப்லெஸ் நிறுவனம் சேர்த்த ‘கிளாம்ப்ட்’ பேட்களில் அந்த வயரிங்கும் முடிந்தே வருகிறது. புதிதாகத் தொடங்குபவர்கள் அவற்றையே எடுக்கலாம். ஸ்கீமேட்டிக்கிலும் முனைகளை மிதக்க விட்டிருந்தால் எல்விஎஸ் (லேஅவுட்டும் ஸ்கீமேட்டிக்கும் பொருந்துகின்றனவா என்ற சோதனை) குறையே சொல்லாது என்பதால், இதைக் கண்ணால் பார்த்துத்தான் உறுதி செய்ய வேண்டும்.

அடுத்தது பேடிலிருந்து கிளாம்ப்புக்குப் போகும் கம்பியின் ரெசிஸ்டன்ஸ். மனித உடல் மாதிரிச் சோதனையில் (கைபட்டால் பாயும் நிலைமின்சாரத்தைப் போலச் செய்வது) 2 கிலோவோல்ட், 1.5 கிலோஓம் வழியாக வரும்போது உச்ச மின்னோட்டம் சுமார் 1.33 ஆம்பியர். 25 மைக்ரான் அகலம், 1 மில்லிமீட்டர் நீளம் என்றால் 40 சதுரம் (நீளத்தை அகலத்தால் வகுத்தது). மெட்டல் 5-இல் சதுரத்துக்கு 0.0285 ஓம், மொத்தம் 1.14 ஓம், அதாவது 1.5 வோல்ட். அதே கம்பி மெட்டல் 3-இல் ஓடினால் 2.5 வோல்ட். பேடின் டயோடு, கிளாம்ப் இரண்டின் மின்னழுத்த வீழ்ச்சியோடு இதுவும் கூடித்தான் உங்கள் டிரான்சிஸ்டரின் கேட்டுக்கு வந்து சேரும். திரும்பும் வழியான கிரவுண்டுக்கும் இதே கணக்குப் போடுங்கள். பலரும் விடிடி பக்கத்தோடு நிறுத்திவிடுகிறார்கள்.

விசிசிடி (டிஜிட்டல்), விடிடிஏ (அனலாக்) சப்ளை பஸ்களை அறுத்துத் தனித்தனிப் பகுதியாக்க 5 மைக்ரான் ஸ்லைஸ் செல்கள் இருப்பது அனலாக்காரர்களுக்கு உண்மையான வரம். டிஜிட்டல் சத்தம் அனலாக் சப்ளைக்குள் நேரே புகாது. ஆனால் அறுத்த ஒவ்வொரு துண்டுக்கும் சொந்தக் கிளாம்ப் வேண்டும். பிரிந்த கிரவுண்டுகளுக்கு நடுவே எதிரெதிர் டயோடுகளும் வேண்டும். எல்விசி பேடில் அவை தயாராக இருக்கின்றன. இவை இல்லையென்றால் ஒரு துண்டில் நுழைந்த மின்னோட்டம் இன்னொரு துண்டின் பேட் வழியாக வெளியேற முடியாமல், கோர் சர்க்யூட்டைக் கிழித்துக்கொண்டு போகும்.

ஜிபிஐஓ (பொதுப் பயன்பாட்டு உள்ளீடு-வெளியீடு) பேடின் அனலாக் பின்களிலும் கவனம் தேவை. ‘நோஇஎஸ்டி’ பின் தொடர் ரெசிஸ்டர் இல்லாமல் நேரே பேடுக்குப் போகிறது. கேட்டை அதில் நேரடியாகக் கட்டாதீர்கள். மற்ற இரண்டும் ரெசிஸ்டர் வழியாக வருகின்றன. உள்ளீட்டுக்கு அவையே சரி, கேட்டுக்கு அருகில் சின்னதாக இரண்டாம் நிலை டயோடுகளும் வைத்துவிட்டால் நிம்மதி.

ஈஃபேப்லெஸ்ஸின் ஆயத்தச் சிப் ஃபிரேமான கேரவனில் உள்ள 11 நேரடி அனலாக் பேட்களில் இஎஸ்டி சாதனம் எதுவும் கிடையாது. முழுப் பொறுப்பும் உங்களுடையது. மூன்று கிளாம்ப்கள் மட்டும் தரப்படுகின்றன. ஓர் அனலாக் பேடைச் சப்ளையாக்கினால், கிளாம்ப்பின் மேல்முனையை அதிலும் கீழ்முனையை விஎஸ்எஸ்ஏ1-இலும் கட்டுங்கள். பயன்படுத்தாத கிளாம்ப்பின் இரு முனைகளையும் விஎஸ்எஸ்ஏ1-இல் சேர்த்துவிடலாம்.

மேஜிக் என்ற லேஅவுட் மென்பொருளில் எக்ஸ்ட்ராக்ட் செய்பவர்கள் (லேஅவுட்டிலிருந்து இணைப்புப் பட்டியலை எடுப்பவர்கள்) ஒன்றைப் பார்த்துக்கொள்ளுங்கள்: பொது சப்ஸ்ட்ரேட் வழியாக விஎஸ்எஸ்ஏ-வும் விஎஸ்எஸ்டி-யும் (டிஜிட்டல் கிரவுண்ட்) ஒரே நெட்டாகிவிடும். ஐசோசப்ஸ்ட்ரேட் லேயரை வரைந்து பிரித்தால்தான், விடுபட்ட கிரவுண்ட் இணைப்பு எல்விஎஸ்ஸில் பிழையாகத் தெரியும்.