அமைச்சா, ஆய்வுக் கழகமா, தேக்காவா: பொதுக் கொள்கை மாணவர் எங்கே பயிற்சிக்குப் போவது?

"பொதுக் கொள்கை படிச்சிட்டு என்ன வேலைக்குப் போவே?" என்று பெரியம்மா கேட்டால் ஒரு வரியில் பதில் சொல்ல முடியாது. கணக்காய்வு, தாதிமை போலப் பட்டத்தின் பெயரிலேயே வேலை ஒட்டிக்கொண்டு வருவதில்லை. அதனால்தான் விடுமுறையில் யாருடைய மேசையில் உட்கார்ந்து வேலை பார்த்தீர்கள் என்பது இந்தப் படிப்புக்கு இவ்வளவு முக்கியமாகிறது. சிங்கப்பூர் நிர்வாகப் பல்கலைக்கழகத்தில் பட்டம் வாங்கவே குறைந்தது 10 வார இன்டர்ன்ஷிப் முடித்திருக்க வேண்டும். மற்ற பல்கலைக்கழக மாணவர்களுக்கும் மே முதல் ஆகஸ்ட் தொடக்கம் வரையிலான நீண்ட விடுமுறைதான் இதற்கான காலம். பட்டப்படிப்பில் அப்படி இரண்டு, மூன்று விடுமுறைகள் கிடைத்தால் பெரிது. எதை எங்கே செலவழிப்பது என்பதுதான் கேள்வி.

2025 ஜனவரி 1ல் நடப்புக்கு வந்த, செயலிகள் வழியே வேலை பார்ப்பவர்களுக்கான தளஊழியர் சட்டத்தை எடுத்துக்கொள்வோம். உணவு விநியோகிப்பவர்களுக்கும் தனியார் வாடகைக் கார் ஓட்டுநர்களுக்கும் வேலைக் காய இழப்பீட்டையும், 1995லும் அதற்குப் பிறகும் பிறந்தவர்களுக்குக் கட்டாய மசேநி (மத்திய சேமநிதி) சந்தா உயர்வையும் கொண்டுவந்த சட்டம். மனிதவள அமைச்சில் உட்கார்ந்தால் இதைச் சட்டமாகப் பார்ப்பீர்கள். கொள்கை ஆய்வுக் கழகத்தில் அது கருத்தாய்வுப் படிவம். தளநிறுவனத்தின் அரசாங்க உறவுப் பிரிவில் செலவுக் கணக்கு. தொழிற்சங்கத்திலோ தொண்டு அமைப்பிலோ என்றால், மழையில் மோட்டார் சைக்கிள் சறுக்கிக் கையை உடைத்துக்கொண்டு எதிரே வந்து உட்கார்ந்திருக்கும் ஆள்.

முதலில் அமைச்சு. பெற்றோருக்கு இதைவிடப் பிடித்த பதில் கிடையாது. "கவர்மெண்ட்ல" என்றதும் கேள்விகள் நின்றுவிடும். உள்ளே போனபின் நடப்பது என்னவோ நிதானமான வேலை: வேறு நாட்டு நகரங்கள் இதே பிரச்சினையை எப்படிச் சமாளித்தன என்று தேடித் தொகுப்பது, கூட்டக் குறிப்பு எழுதுவது, பொதுமக்கள் கருத்துகளை வகைப்படுத்துவது. 2017லிருந்து அரசாங்க ஊழியர்களின் அலுவலகக் கணினிகள் இணையத்திலிருந்து பிரிக்கப்பட்டதால், ஒரு திரையில் தேடி இன்னொரு திரையில் எழுதும் பழக்கத்துக்கு வர முதல் வாரம் போய்விடும்.

அமைச்சு கற்றுக்கொடுக்கும் பெரிய பாடம் எழுத்து. நீங்கள் ஆறு பக்கம் எழுதிக் கொடுத்ததை மேலதிகாரி ஒன்றரைப் பக்கமாக வெட்டுவார். அவருக்கு மேலிருப்பவர் அதிலும் ஒரு பத்தியை எடுத்துவிட்டு, "இதற்கு எவ்வளவு செலவாகும், யார் எதிர்ப்பார்கள்?" என்று ஓரத்தில் கேட்டு அனுப்புவார். பல்கலைக்கழகத்தில் யாரும் இப்படித் திருத்துவதில்லை. ஆனால் அந்த ஒன்றரைப் பக்கத்தை வெளியே கொண்டுவர முடியாது. அதிகாரத்துவ ரகசியச் சட்டம் இன்டர்ன் என்று பார்த்து விலக்குத் தராது. அடுத்த நேர்காணலில் "நீங்கள் எழுதியது ஏதாவது காட்டுங்கள்" என்று கேட்டால் கையில் ஒன்றும் இருக்காது. அமைச்சின் பெயர் மட்டும்தான் பேசும்.

ஆய்வுக் கழகத்தில் இது தலைகீழ். 1988ல் தொடங்கி இப்போது லீ குவான் இயூ பொதுக் கொள்கைப் பள்ளியின் அங்கமாக இருக்கும் கொள்கை ஆய்வுக் கழகம் போன்ற இடங்களில் செய்வது பெரும்பாலும் அச்சுக்குப் போகும். அறிக்கையின் நன்றிப் பக்கத்தில் பெயர் வரலாம். முதுகலை, முனைவர் பட்டம் என்ற எண்ணம் இருந்தால் கண்ணை மூடிக்கொண்டு போகலாம். அந்த எண்ணம் இல்லாதவர்களை நான் இங்கே அனுப்ப மாட்டேன். பேட்டிகளைக் கேட்டு எழுதிக்கொண்டும் எக்செல் கட்டங்களைச் சரிபார்த்துக்கொண்டும் இருக்கையில் விடுமுறை முடிந்துவிடும். முடிவெடுப்பவர்களின் மேசை எப்படி இருக்கும் என்பது தெரியாமலே வெளியே வருவீர்கள்.

தனியார் ஆலோசனை நிறுவனங்களைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. படித்தொகை நன்றாக இருக்கும், வேலை நேரம் மோசமாக இருக்கும், பவர்பாயிண்ட் கை வந்துவிடும். குடும்பத்துக்குப் பணம் தேவை என்றால் அது தாராளமாகப் போதிய காரணம்.

நான் அதிகம் பேச விரும்புவது தேக்காவை, அதாவது லிட்டில் இந்தியா வட்டாரத்தைப் பற்றி. தமிழ் மாணவர்களுக்கு மற்றவர்களிடம் இல்லாத ஒரு வசதி அங்கேதான் வேலைக்கு ஆகிறது. டிடபிள்யூசி2 என்ற தொண்டு அமைப்பு 2008லிருந்து கஃப் ரோடு திட்டத்தின் கீழ், காயம்பட்டும் சம்பளம் கிடைக்காமலும் தவிக்கும் வெளிநாட்டு ஊழியர்களுக்கு இலவச உணவு கொடுத்துவருகிறது. சாப்பிட வருபவர்களில் தமிழ்நாட்டுக்காரர்கள் நிறைய. மொழிபெயர்ப்பாளர் வைத்துப் பேசும் சக மாணவருக்கு, "சம்பளம் கம்மி" என்ற அளவுக்கே விஷயம் வந்துசேரும். உங்களிடம் அந்த ஊழியர் ஐபிஏ கடிதத்தையும் (வேலை அனுமதிக்கு முன் மனிதவள அமைச்சு தரும் ஒப்புதல் கடிதம், சம்பளம் அதில் இருக்கும்) சம்பளச் சீட்டையும் போனில் எடுத்துக் காட்டி, "இதுல என்னண்ணே தப்பு? பாத்துச் சொல்லுங்க" என்பார்.

பார்க்க வேண்டியது கணக்கு. மாத அடிப்படைச் சம்பளம் 800 வெள்ளி (சிங்கப்பூர் டாலர்) என்று வையுங்கள். அதை 12ஆல் பெருக்கி, 52 வாரம், வாரம் 44 மணி நேரம் என்று வகுத்தால் மணிக்குச் சுமார் 4 வெள்ளி 20 காசு. மிகைநேரத்துக்கு ஒன்றரை மடங்கு, அதாவது 6 வெள்ளி 29 காசு வரவேண்டும். சீட்டில் மணிக்கு 4 வெள்ளி போட்டிருந்தால், ஒவ்வொரு மணி நேரத்துக்கும் 2 வெள்ளிக்குமேல் காணாமல் போகிறது. 2016 ஏப்ரலிலிருந்து விவரமான சம்பளச் சீட்டு கட்டாயம் என்பதை வகுப்பில் ஒரு வரியாகப் படித்திருப்பீர்கள். சீட்டு இருந்தும் ஆளுக்கு அது புரியாதபோது சட்டம் எதுவரைக்கும் வந்து நின்றுவிடுகிறது என்பதை இங்கேதான் பார்க்கிறோம். வேலையில் இருப்பவர் ஓராண்டுக்குள், வேலையை விட்டவர் ஆறு மாதத்துக்குள் சம்பளப் புகார் கொடுக்க வேண்டும் என்ற கெடுவும் அப்படித்தான். எத்தனை பேர் அதைத் தாண்டியபின் வருகிறார்கள் என்று பார்த்தவர் எழுதும் கொள்கைக் குறிப்பு வேறு மாதிரி இருக்கும்.

குறைகளும் கொஞ்சமில்லை. படித்தொகை சொற்பம், சில இடங்களில் அதுவும் கிடையாது. மேற்பார்வையாளர் ஆயிரம் வேலைக்கு நடுவே உங்கள் எழுத்தைத் திருத்த மாட்டார். கேட்ட கதைகள் ராத்திரி வீட்டுக்கும் கூடவே வரும். இதெல்லாம் தாங்காது என்றால் 1991ல் தொடங்கிய சிண்டா, அதாவது சிங்கப்பூர் இந்தியர் மேம்பாட்டுச் சங்கம் இருக்கிறது. அங்கே வேலை நிதானமானது, துணைப்பாட வகுப்புகளும் குடும்ப உதவியும் எப்படி நடக்கின்றன என்று அருகிலிருந்து பார்க்கலாம். மாதாமாதம் நம் சம்பளத்திலிருந்து 1 வெள்ளி முதல் 30 வெள்ளி வரை அதற்குப் போகிறது. இன அடிப்படையில் சுயஉதவிக் குழுக்கள் எதற்கு என்று வகுப்பில் வாதாடுபவர்கள் ஒரு விடுமுறையாவது அங்கே இருந்துவிட்டு வாதாடலாம்.

என்னைக் கேட்டால் முதல் விடுமுறை தேக்கா, இரண்டாவது அமைச்சு. மாற்றிப் போட்டால், அமைச்சில் பழகிய கண்ணுக்குத் தேக்காவில் எல்லாமே விதிவிலக்காகத் தெரியும். இந்த வரிசையில் போனால், ஓரத்தில் "யார் எதிர்ப்பார்கள்?" என்று எழுதி வரும்போது சொல்ல உங்களிடம் ஏதாவது இருக்கும். ஒரே விடுமுறைதான் மிச்சம், பொதுச் சேவையில்தான் சேரப்போகிறேன் என்பவர் நேராக அமைச்சுக்கே போகட்டும். அதற்குப் பதிலாகக் கல்வி ஆண்டில் வாரம் ஒரு மாலை தேக்காவில் தொண்டூழியம் செய்யலாம்.

தமிழ்நாட்டிலிருந்து வந்து மாணவர் அட்டையில் படிப்பவர்களுக்கு இந்தக் கணக்கு கொஞ்சம் மாறும். அங்கீகரிக்கப்பட்ட பல்கலைக்கழகங்களின் முழுநேர மாணவர்கள் விடுமுறையில் வேலை அனுமதி இல்லாமலே பயிற்சிக்குப் போகலாம், கல்வித் தவணையின்போது வாரம் 16 மணி நேரம் வரை. ஆனால் அமைச்சுகளில் சில இடங்கள் குடிமக்களுக்கு மட்டுமே. அதனால் விளம்பரத்தில் அந்த வரியை முதலில் பாருங்கள். யாராக இருந்தாலும், மே மாதம் தொடங்கும் இடத்துக்கு ஏப்ரலில் எழுதிக் கேட்டால் பெரும்பாலும் ஆள் எடுத்து முடித்திருப்பார்கள். சீனப் புத்தாண்டு விடுமுறைக்குள் விண்ணப்பத்தை அனுப்பிவிடுங்கள்.