இந்தியத் தயாரிப்பும் இறக்குமதி வண்டியும்: ஒரே கொட்டகையில் சில வருஷ அனுபவம்

பைக் வாங்கப்போகிறவர்கள் மைலேஜைக் கேட்பதற்கு முன்னால் என்னிடம் கேட்பது, "அண்ணே, இது இங்கே செஞ்சதா, வெளியிலிருந்து வந்ததா?" என்பதுதான். தர்மபுரியில் இருந்துகொண்டு இதைக் கேட்பது கொஞ்சம் வேடிக்கை. பாலக்கோடு, ராயக்கோட்டை வழியாகப் போனால் ரெண்டு மணி நேரத்தில் எட்டிவிடும் ஓசூரில்தான் பிஎம்டபிள்யூவின் 310 சிசி வண்டிகள் செய்யப்பட்டு ஐரோப்பாவுக்கும் அமெரிக்காவுக்கும் கப்பலேறின. டிவிஎஸ்ஸும் பிஎம்டபிள்யூவும் 2013இல் போட்ட ஒப்பந்தத்தில் வந்த வேலை அது. ஆனால் அதே ஓசூர் சிப்காட்டில் ஷிப்ட் பார்க்கும் என் பெரியப்பா பேரனே, ஜெர்மனியில் பாகங்களைச் சேர்த்துப் பூட்டினது என்றால் ரெண்டு லட்சம் கூடக் கொடுக்கலாம் மாமா என்கிறான்.

சரி, என் அனுபவம். என்னுடையது வெளிநாட்டுப் பெயர் ஒட்டி இந்தியாவில் செய்த ஒற்றை சிலிண்டர் வண்டி. எழுபதாயிரம் கிலோமீட்டரை நெருங்குகிறது. இன்னொன்று மச்சானுடையது, தாய்லாந்திலிருந்து முழு வண்டியாக இறங்கிய இரட்டை சிலிண்டர். அவர் கத்தாருக்கு வேலைக்குப் போனபோது, "சும்மா நின்னா பேட்டரி போயிரும் மாப்ளே, எடுத்து ஓட்டு" என்று சாவியைக் கையில் கொடுத்துவிட்டுப் போனார். அன்றிலிருந்து இரண்டும் ஒரே தகரக் கொட்டகையில் நிற்கின்றன, இரண்டையும் ஓட்டுவதும் கழுவுவதும் நான்தான். கம்பெனிப் பெயர்களை வேண்டுமென்றேதான் போடவில்லை, போட்டால் பேச்சு வண்டியை விட்டுவிட்டுப் பெயருக்குப் போய்விடும்.

ஒரே கொட்டகை என்பதை ஏன் சொல்கிறேன் என்றால், இந்த மாதிரி ஒப்பீடுகளில் ஒருவர் வண்டி பெங்களூரில் மூடின பார்க்கிங்கில் நிற்கும், இன்னொருவர் வண்டி கடலூரில் உப்புக்காற்றில் நிற்கும், கடைசியில் நாட்டைப் பழி சொல்லுவார்கள். இங்கே இரண்டுக்கும் ஒரே போர்த் தண்ணீர். எங்கள் பக்கத் தண்ணீரைப் பற்றித் தெரிந்தவர்களுக்குச் சொல்ல வேண்டாம், பல்லில் கறை ஏற்றுகிற தண்ணீர், வண்டியைக் கழுவிவிட்டு உடனே துடைக்கவில்லை என்றால் இன்ஜின் மேல் வெள்ளை வெள்ளையாகப் படிந்துவிடும். சாலையும் ஒன்றுதான்: தொப்பூர் கணவாயில் லாரிகளுக்கு நடுவே இறங்குவது, பென்னாகரம் தாண்டி ஒகேனக்கல் வளைவுகள், கிருஷ்ணகிரி பக்கம் போனால் கிரானைட் தூசி, சித்திரை வெயில்.

இன்ஜினை முதலில் முடித்துவிடுகிறேன், ஏனென்றால் அதில் சொல்ல ஒன்றுமே இல்லை. இரண்டும் இதுவரை பிரிக்கப்படவில்லை. வால்வு கிளியரன்ஸ் (வால்வுக்கு விடவேண்டிய இடைவெளி) பார்த்தபோது இரண்டும் அளவுக்குள்தான் இருந்தன, ஆயில் குடிப்பதில்லை, புகை இல்லை. என்னுடையதில் கிளட்ச் பிளேட்டும் செயின் செட்டும் மாற்றியது தேய்மானக் கணக்கு, அதற்கு ஆலையைக் குறை சொல்ல முடியாது. கிராங்க், கேம், பிஸ்டன் எல்லாம் மைக்ரான் கணக்கில் மெஷின் கடைவது. அளவு தப்பினால் ஆலையிலேயே ஒதுக்கிவிடுவார்கள், தப்பி வந்தாலும் வாரன்டி காலத்திலேயே சத்தம் போட்டுக் காட்டிக்கொடுத்துவிடும், அப்புறம் செலவு கம்பெனி தலையில்தான் விழும். அதனால் காசு மிச்சம் பிடிக்க நினைக்கிற எந்தக் கம்பெனியும் இன்ஜினுக்குள் கை வைக்க யோசிக்கும்.

அவர்கள் கை வைக்கிற இடங்கள் வேறு. போல்ட், அதன் மேல் பூச்சு, வயர்களைச் சேர்க்கிற கப்ளர், ரப்பர், பெயிண்ட். வாரன்டி முடிகிற வரை தாங்கினால் போதும் என்கிற சாமான்கள். என்னுடையதில் ரெண்டாவது மழைக்காலத்திலேயே கண்ணாடித் தண்டில் துரு வந்துவிட்டது, ஃபுட்ரெஸ்ட் பிராக்கெட் போல்ட்டுகளின் தலை பழுப்பாகிவிட்டது, இண்டிகேட்டர் ரப்பர் வெயிலில் வெடித்தது. டேங்குக்கு அடியில் ஒரு கப்ளருக்குள் செம்பு பச்சை பிடித்து ஹெட்லைட் விட்டு விட்டு எரிந்தது, அதைக் கண்டுபிடிப்பதற்குள் எலக்ட்ரீஷியன் பாதி வயரிங்கைப் பிரித்துவிட்டார். ஹேண்டில்பார் திரும்புகிற பேரிங்கான கோன் செட்டும் சீக்கிரம் போனது, அதில் பாதிப் பழி நம் சாலைப் பள்ளங்களுக்கு.

உடனே "பார்த்தீர்களா, இந்தியத் தயாரிப்பு" என்று ஆரம்பிக்க வேண்டாம். இறக்குமதி வண்டியில் சைலன்சர் பைப்பை இன்ஜினோடு பிடிக்கிற ஸ்டட் துரு ஏறி, கழற்றும்போது பாதியில் முறிந்தது. சூளகிரி பக்கம் ஒரு வெயில் மதியத்தில் பேட்டரிக்குப் போகிற மின்சாரத்தைச் சீராக்குகிற ரெக்டிஃபையர் எரிந்து, வண்டியை குட்டியானையில் ஏற்றிக்கொண்டு வந்தேன். முன் ஃபோர்க் ஆயில் சீல் என்னுடையதற்கு முன்பே கசிந்தது. ஆனால் ஒன்றை ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும்: அதன் பெயிண்ட் இன்னும் புதுசாக இருக்கிறது, பிளாஸ்டிக் பேனல்கள் சேருகிற இடத்தில் இடைவெளி எல்லாப் பக்கமும் ஒரே அளவு, சுவிட்சுகளை அழுத்தினால் கைக்கே வித்தியாசம் தெரியும்.

அந்த வித்தியாசம் தாய்லாந்தால் வந்ததா? எனக்கு அப்படித் தோன்றவில்லை. அது என்னுடையதைவிட ரெண்டு மடங்குக்கு மேல் விலை. அந்த விலைக்கு ஏற்ற பெயிண்டையும் சுவிட்சையும் போட்டிருக்கிறார்கள். அதிலும் மச்சான் கொடுத்த பணம் முழுக்க இரும்பாக வரவில்லை, முழு வண்டியாக இறக்குமதி செய்தால் 2018இலிருந்து 50 சதவீத அடிப்படைச் சுங்கவரி, 2025 பட்ஜெட்டில்தான் 1600 சிசி வரை உள்ளவற்றுக்கு 40 ஆக்கினார்கள். ஆக அவர் கூடக் கொடுத்ததில் பெரும்பங்கு துறைமுகத்திலேயே இறங்கிவிட்டது. இதைச் சொன்னால் மனுஷன் இன்றைக்கும் போனை வைத்துவிடுகிறார்.

இரண்டு வண்டிகளிலும் வந்த தொல்லைகளில் பெரியது எது என்று கேட்டால், அது எந்த நாட்டு ஆலையிலும் நடந்ததே இல்லை. என் வண்டியை முதல் சர்வீஸ் செய்த இடத்தில் ஆயிலை வடிக்கிற ட்ரெயின் போல்ட்டைக் காலால் மிதிக்காத குறையாக முறுக்கியிருக்கிறார்கள். பெரும்பாலான வண்டிகளில் அதற்கு 20, 30 நியூட்டன் மீட்டர் போதும், முறுக்கும் விசையை அளந்து காட்டுகிற டார்க் ரெஞ்ச் வைத்து முறுக்க வேண்டிய போல்ட். அலுமினிய மரை பிய்ந்து, நின்ற இடத்திலெல்லாம் சொட்டுச் சொட்டாக ஆயில். கடைசியில் கிருஷ்ணகிரியில் ஒரு லேத் பட்டறைக்காரர் ஹெலிகாயில் என்கிற கம்பிச்சுருளைப் போட்டு மரையைச் சரிசெய்தார், அதற்கப்புறம் ஒரு சொட்டு இல்லை. அந்தப் பட்டறையில் ரசீதும் கிடையாது, ஏசி அறையும் கிடையாது, ஆனால் எவ்வளவு முறுக்கினால் போதும் என்பது தெரிந்த ஆள்.

எங்கள் தெருமுனை மெக்கானிக் அண்ணனிடம் இந்தக் கதையைச் சொன்னால் பேச்சு நேராக "ஜப்பான் கிட்"டுக்குப் போய்விடும். டிவிஎஸ்ஸும் சுசுகியும் சேர்ந்து 1984இல் கொண்டுவந்த இண்ட்-சுசுகி, அடுத்த வருஷம் வந்த யமஹா ஆர்எக்ஸ் 100, இரண்டின் ஆரம்பகால வண்டிகளும் ஜப்பான் சாமான்களோடு வந்தவை, அதனால்தான் இன்றும் ஓடுகின்றன என்பது அவர் வாதம். எனக்கு இதில் ரெண்டு சந்தேகம். ஒன்று, அந்தக் காலத்து வண்டிகளில் செத்ததெல்லாம் எப்போதோ எடைக்குப் போய்விட்டது, மிச்சம் இருப்பதைத்தான் நாம் பார்க்கிறோம். இன்னொன்று, இண்ட்-சுசுகியைப் பூட்டியதே ஓசூரில்தான், நம் ஊர் ஆட்கள்தான். அதில் ஜப்பானிலிருந்து வந்தது வரைபடம், சாமான், இதற்குக் கீழே போனால் ஏற்கமாட்டோம் என்கிற அளவுகோல். அதெல்லாம் கப்பலில் வரக்கூடியதுதான், கற்றுக்கொண்டால் இங்கேயே உருவாகக்கூடியதும்தான். 2001இல் சுசுகி டிவிஎஸ்ஸை விட்டுப் பிரிந்துபோனது, 2002இல் தரத்துக்காக ஜப்பான் கொடுக்கும் டெமிங் பரிசு டிவிஎஸ் மோட்டாருக்குக் கிடைத்தது. இதைச் சொன்னால் அண்ணன் பீடியைப் பற்றவைத்துக்கொண்டு, "பரிசு வேற, பிஸ்டன் வேற" என்பார். அதுவும் சரிதான்.

நாட்டுப் பெயரின் மதிப்பு நிற்காமல் மாறிக்கொண்டே இருக்கிறது. சாமான்கள் மேல் எந்த நாட்டில் செய்தது என்று போட வேண்டும் என 1887இல் பிரிட்டன் சட்டம் கொண்டுவந்ததே, ஜெர்மன் சரக்கு மட்டம், நம் மக்கள் ஏமாறக்கூடாது என்றுதான். இரண்டாம் உலகப் போர் முடிந்த புதிதில் ஜப்பான் சரக்கு என்றால் மலிவு பொம்மை என்றுதான் பேச்சு. இப்போது பெர்லினில் பூட்டப்பட்ட பிஎம்டபிள்யூ எஃப் 850 ஜிஎஸ் வண்டிக்கு இன்ஜின் செய்து கொடுத்தது சீனாவின் லான்சின் கம்பெனி. டிரையம்ப் என்றால் இங்கிலாந்து என்று நெஞ்சை நிமிர்த்துகிறவர்களின் பான்னவில் வருவது தாய்லாந்திலிருந்து, ஸ்பீடு 400 வருவது புனே பக்கம் சக்கனிலிருந்து. அதில் பொருத்திய பைப்ரே பிரேக்கும் இத்தாலி பிரெம்போ இந்தியாவில் வளர்த்த பெயர்தான். அப்புறம் எதை எந்த நாட்டு வண்டி என்பது?

பழைய வண்டி வாங்குகிறவர்களுக்கு ஒரு விஷயம். சேஸிஸ் நம்பரின் முதல் எழுத்துகளைக் காட்டி, "பாருங்க, இது வெளிநாட்டு நம்பர், இம்போர்ட் செட்" என்று புரோக்கர்கள் விற்கிறார்கள். அந்த முதல் மூன்று எழுத்து யார் பெயரில் வண்டி செய்யப்பட்டது என்பதைத்தான் சொல்லும், எங்கே பூட்டினார்கள் என்பதை அல்ல. சக்கனில் பூட்டிய பல கேடிஎம் டியூக்குகளின் எண் 'விபிகே' என்று ஆஸ்திரியாவுக்கு உரிய எழுத்தில் தொடங்கும். ஓசூரில் பூட்டிய பிஎம்டபிள்யூ 310இன் எண் ஜெர்மனிக்கு உரிய 'டபிள்யூ'வில் தொடங்கும். டிவிஎஸ் தன் பெயரில் விற்கும் வண்டிக்கு 'எம்டி6'. ஆகவே நம்பரைப் பார்த்துக் கூடப் பணம் கொடுக்காதீர்கள். அதற்குப் பதில் சீட்டைக் கழற்றி கப்ளர்களைப் பிரித்துப் பாருங்கள், உள்ளே ரப்பர் சீல் இருக்கிறதா, பச்சை பிடித்திருக்கிறதா என்று. சைலன்சர் ஸ்டட், சைடு ஸ்டாண்டு போல்ட், ஃபுட்ரெஸ்ட் அடிப்பக்கம், இந்த மூன்றிலும் இருக்கும் துருவே போதும், மிச்சக் கதையைச் சொல்லிவிடும்.

நாடு நிஜமாகவே குறுக்கிட்டது ஸ்பேர்ஸ் விஷயத்தில் மட்டும்தான். என் வண்டிக்குக் கோன் செட் சேலத்தில் மறுநாளே கிடைத்தது. மச்சான் வண்டியின் ரெக்டிஃபையருக்கு பெங்களூரில் முன்பணம் கட்டிவிட்டு மாதக்கணக்கில் காத்திருந்தேன், வந்த விலைக்கு ஒரு பழைய மொபெட்டே வாங்கலாம். அதற்காக அந்த ரெக்டிஃபையர் உசத்தி என்று நினைக்கவேண்டாம், ஊருக்குள் கிடைக்காது, அவ்வளவுதான். வண்டிக்கு அட்வான்ஸ் கொடுக்கும் முன் சர்வீஸ் கவுண்டரில் போய் கிளட்ச் லீவர், ரெக்டிஃபையர், ஹெட்லைட் மூன்றுக்கும் விலையும், வர எத்தனை நாள் என்பதும் கேளுங்கள். பதில் சொல்ல அவர்கள் தடுமாறினால் அது எந்த நாட்டு வண்டியாக இருந்தாலும் யோசியுங்கள்.

என் வண்டியை இன்னும் சில வருஷம் வைத்திருப்பேன், போல்ட்டுகளை மட்டும் கொஞ்சம் கொஞ்சமாக ஸ்டெயின்லெஸுக்கு மாற்றிக்கொண்டிருக்கிறேன். மச்சான் அடுத்த லீவில் வந்து அவருடையதை விற்கப்போகிறார். அரூரிலிருந்து ஒருவர் வந்து பார்த்துவிட்டு, இம்போர்ட் வண்டி என்பதற்காகவே நாற்பதாயிரம் கூடத் தருகிறேன் என்று சொல்லிப் போயிருக்கிறார். மச்சானின் காசு, நான் ஏன் குறுக்கே பேசப்போகிறேன்.